ஆறாவது ரப்பர் இதழ்

எங்கள் விருத்தாசலத்திலிருந்து கடல் அறுபது கிலோமீட்டர். மணிமுத்தாற்றில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் கிடக்கும். அப்படிப்பட்ட ஊரில் படகு இன்ஜின் பார்க்கிற ஆள் ஒருவன் குடியிருக்கிறான் என்றால் யார் நம்புவார்கள்? என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி நாசர்தான் அது. சார்ஜாவில் இழுவைக் கப்பல் ஒன்றின் இன்ஜின் அறையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவன். செராமிக் எஸ்டேட்டில் நான் பீங்கான் ஃப்யூஸ் கட்டை செய்கிறேன். எங்கள் சூளைகளின் பர்னர், ஜெனரேட்டர் எல்லாம் இப்போது அவன் பொறுப்பு.

ஆனால் ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. கடலூருக்குப் பஸ் ஏறிவிடுவான். படகுகள் கரையில் கிடக்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் இன்ஜினுக்கு வருஷாந்திர சர்வீஸ். ஆயில், ஃபில்டர், பெல்ட் எல்லாம் மாற்ற வேண்டும். கடல்நீர் பம்ப்பைத் திறந்து உள்ளே சுற்றும் ரப்பர் சக்கரத்தையும் மாற்ற வேண்டும். உள்ளங்கை அகலம், ஆறு இதழ். கடல் தண்ணீரை இழுத்து இன்ஜினைக் குளிர வைப்பது அதுதான். என் பர்னர் அடைத்துக்கொண்டது என்று நான் கத்தினால், "ஜூன் பதினஞ்சுக்கு அப்புறம் பேசு தொரை" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கழற்றிய சாமானைத் துணி விரித்து வரிசையாக வைத்து, எதிலாவது துண்டு குறைகிறதா என்று பார்த்த பிறகுதான் இன்ஜினை ஓட்டுவான். கப்பலில் வந்த பழக்கம். என் பர்னருக்கும் இதே கூத்துதான். அரை மணி நேரம் வீண் என்று நான் முணுமுணுப்பேன்.

போன ஜூனில் ஒரு நாள் மட்டும் அது தவறிப்போனது. தடை முடிகிற நாள். வளர்மதி என்ற அம்மாளின் விசைப்படகு. ஓட்டுவது அவள் புருஷன் ராஜாங்கம். படகுக்குப் பூசை போடும்போது உடைசல் எதுவும் அதில் இருக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அன்றைக்குப் பூசாரி சீக்கிரமே வந்துவிட்டார். நாசர் புது ரப்பரை மாட்டிப் பம்ப்பை மூடி நிமிர்வதற்குள், வளர்மதி பழையதையெல்லாம் ஒரு பையில் அள்ளிப் போட்டு, "இத மொதல்ல கரைக்கு எடுத்துட்டுப் போயிருங்கண்ணே" என்று கையில் கொடுத்துவிட்டாள். உப்பும் கிரீஸும் அப்பியிருந்த பழைய சக்கரத்தை அவன் சரியாகப் பார்க்கவே இல்லை. சாமி காரியத்தில் எண்ணிக்கொண்டு நிற்க அவனுக்குக் கூச்சம். பூசை முடிந்து இன்ஜினை ஓட்டினார்கள். இன்ஜினைச் சுற்றி வந்த தண்ணீர் வெளியே நன்றாகவே கொட்டியது. தேங்காய் மூடியை வாங்கிக்கொண்டு, அந்தப் பையோடு பஸ் ஏறிவிட்டான்.

மறுநாள் காலை ஏழரைக்கு அவன் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். பழைய இரும்புக்காரனுக்குப் போட அவன் மனைவி ஷிபானா அந்தப் பையைக் கொட்டினாள். நாசர் ரப்பர் சக்கரத்தைத் துடைத்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். திரும்ப எண்ணினான். பையை உதறினான். முகம் செத்துப்போயிற்று.

"அஞ்சுதான் இருக்குது தொரை. ஒண்ணு பிஞ்சி உள்ள போயிருக்குது."

பிய்ந்த துண்டு தண்ணீரோடு போய், இன்ஜினைக் குளிர வைக்கும் கூலரின் சின்னக் குழாய்களை அடைத்துக்கொள்ளுமாம். நடுக்கடலில் இன்ஜின் சூடேறி இறுகிவிடுமாம். படகு விடியற்காலையே கிளம்பிவிட்டது. அதில் ஆறு பேர்.

நான் ஒரு யோசனை சொன்னேன். சொன்னதை இங்கே மறைக்கவில்லை. "நேத்து நல்லாத்தான ஓடுச்சு? அந்தத் துண்டு எப்பவோ வெளிய போயிருக்கும். நீயா போன் போட்டு ஒன் பேர ஏன் கெடுத்துக்குற? அப்புறம் தொறமுகத்துல ஒரு பய ஒன்னக் கூப்புட மாட்டான்."

"பேரு கெடக்குது. ஆறு பேரு போயிருக்காங்கடா" என்று போனை எடுத்தான். கையெல்லாம் கிரீஸ். ஷிபானாதான் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரையும் போட்டுக் கொடுத்தாள்.

ராஜாங்கத்தின் செல்லுக்கு சிக்னல் இல்லை. வளர்மதி எடுத்தாள். "தங்கச்சி, நான் தப்பு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்து எதையும் மழுப்பாமல் சொன்னான். பிறகு அவள் ஓடுகிற மூச்சுதான் கேட்டது. துறைமுகத்தில் சங்கத்துக் கொட்டகையில் வயர்லெஸ் இருக்கிறது. போனை அதன் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள்.

கரகரப்புக்கு நடுவே ராஜாங்கத்தின் குரல் வந்தது. "ஆமா பாய், அரை மணியா சூடு ஏறிக்கிட்டுத்தான் இருக்குது. வலை இழுக்குறதாலன்னு நெனச்சேன். இன்னும் தள்ளிப் போலாம்னு இருந்தோம்."

"போவாதீங்க! இன்ஜின நிறுத்துங்க. கடல் தண்ணி வால்வ மூடுங்க. ஆறட்டும். அப்புறமா கூலரு மூடியக் கழட்டுங்க." எந்த ஸ்பேனர், எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பது வரை சொன்னான்.

நாற்பது நிமிஷம் ஆயிற்று. சூளை திறக்கும் நாளில்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்லை. ஷிபானா துஆ ஓதிக்கொண்டே வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். நான் என் வாயை நொந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"கெடச்சிருச்சு பாய்! கறுப்பா, கட்டை விரல் அளவு. குழாய் வாயில ஒக்காந்திருந்துச்சு!"

இன்ஜின் மறுபடி கிளம்பிய சத்தம் வயர்லெஸ்ஸில் புகுந்து, போனில் புகுந்து எங்கள் வரைக்கும் வந்தது. கொஞ்ச நேரத்தில், சூடு இறங்கிவிட்டது என்றார் ராஜாங்கம். நாசர் அப்படியே தரையில் உட்கார்ந்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று முகத்தைப் பொத்திக்கொண்டான். அழுதான், அழுதுகொண்டே சிரித்தான். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. அவ்வளவு நிம்மதி.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தங்கச்சி, அடுத்த வருஷம் வேற ஆள வச்சுக்கங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றான்.

"வேற ஆளா?" என்றாள் வளர்மதி. "வேற ஆளா இருந்திருந்தா இன்னிக்கு எனக்குப் போன் வந்திருக்குமாண்ணே?"

ஷிபானா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தேன்.