மொட்டை மாடியில் விட்டுப்போன டிஷ்

சாயல்குடியில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் ஓனரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். நல்ல மனிதர்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. அடிபம்புத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்றால் தன் வீட்டிலிருந்து குடம் குடமாக நல்ல தண்ணீர் அனுப்புவார். ஆனால் அந்தக் கை இருக்கிறதே, அது சும்மா இருக்காது. நன்றாக ஓடுகிற ஃபேனை நிறுத்தி, எப்படி ஓடுகிறது என்று கழற்றிப் பார்க்கிற கை.

என் கணவர் உப்பளத்தில் சூப்பர்வைசர். அந்த வேலைக்காகத்தான் 2008 வாக்கில் அந்த வீட்டுக்குப் போனோம். பால் காய்ச்சிவிட்டு மாடிக்குத் துணி காயப்போட ஏறினால், மூலையில் ஒரு டிஷ் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கீழே அலமாரியில் அதன் பெட்டி, ரிமோட் எல்லாம் துணியில் சுற்றி வைத்திருந்தது. எங்களுக்கு முன்னால் குடியிருந்த பேங்க் ஆபீசர் மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போனது. மாதாமாதம் பணம் கட்டத் தேவையில்லாத அரசாங்க டிஷ். எங்களிடம் இருந்ததோ அரசாங்கம் கொடுத்த இலவச டிவி. என் கணவருக்குப் புதையல் கிடைத்த மாதிரி. அன்றைக்கே வயரைச் சொருகிப் படம் வரவைத்துவிட்டார்.

அடுத்தவர் பொருளைக் கேட்காமல் எடுத்தாள எனக்கு மனம் வரவில்லை. நம்பர் வாங்கி அந்த ஆபீசருக்குப் போன் போட்டேன்.

"தாராளமா வச்சுக்கங்கம்மா. ஒண்ணே ஒண்ணு, யாரையும் அதைத் தொட விட்றாதீங்க. முக்கியமா ஓனரை," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னார் என்று போகப்போகத் தெரிந்தது. எண்பதுகளில் அந்தத் தெருவிலேயே முதன்முதலாக டிவி வாங்கியவர் எங்கள் ஓனர். பனை உயரத்துக்குக் குழாயை நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, கடலுக்கு அந்தப்பக்கமிருந்து சிலோன் டிவியை இழுத்தவர். மாடியில் ஒருவர் குழாயைத் திருக வேண்டும், ஜன்னலில் ஒருவர் நின்று "வருது, வருது, ஐயோ போச்சு" என்று கத்த வேண்டும். இந்தக் கடற்கரையில் எல்லா வீட்டிலும் அதுதான் முறை. திருகுகிற ஆள் எப்போதும் இவர். ஊரே இவரைக் கூப்பிடுமாம். அந்தப் பெருமை அவருக்குக் கடைசிவரை இறங்கவில்லை. எங்கள் மாடி டிஷ்ஷைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன தாயி இது, மழை வருமான்னு பாக்குற மாதிரி ஆகாசத்தைப் பாத்துக்கிட்டு கெடக்கு!" என்பார்.

இப்போது என்னைப் பெற்ற அய்யாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் எங்கள் ஊர். கண்மாயை நம்பி நெல் போடுகிற சம்சாரி. ஒரு வருடம் மழை ஏமாற்றிவிட்டது. நெல்லைக் கட்டிக்கொண்டு அழாமல் மேட்டு வயலில் மிளகாய் போடுங்கள் என்று நான் சொன்னேன். "பொட்டச்சி எனக்கு வெவசாயம் சொல்லித் தாராளாக்கும்" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார். போனவர் பத்து நாளில் மிளகாய் நாற்று நட்டிருந்தார். நல்ல விளைச்சல். அதற்குப் பிறகு வருடா வருடம் மிளகாய்தான். ஆனால் அது என் யோசனை என்று ஒருநாளும் ஒருபொழுதும் அந்த வாயிலிருந்து வந்ததில்லை. கேட்டால் "ஆமா, பெரிய இவ" என்பார்.

நாங்கள் சாயல்குடிக்குப் போன அடுத்த வருடம், அரசாங்க டிவி நிலையத்திலிருந்து விவசாய நிகழ்ச்சிக்காக வந்து அவரை வயலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள் என்று போனில் கேட்டேன். "டிவியில போடுறப்ப பாரு" என்று வைத்துவிட்டார். அந்த மாதமே அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போனது, பேச்சும் போனது. வாய் அசையும், சத்தம் வராது. ஊரில் தம்பியும் அவன் பெண்டாட்டியும் வயலுக்குப் போய்விட்டால் பார்க்க ஆளில்லை என்று நான் கூட்டிவந்து வைத்துக்கொண்டேன்.

நிகழ்ச்சி போடுகிற நாள் தெரிந்ததும் தம்பி போன் செய்தான். "அக்கா, அய்யாவைக் கூட்டிக்கிட்டு இங்கன வந்துரு. நம்ம வீட்டு ஆன்டெனாவுல நல்லாத் தெரியும், ஊரே இங்கனதான் பாக்கப் போகுது."

நான் கிளம்பத்தான் இருந்தேன். என் கணவர் விடவில்லை. "இங்கன டிஷ்ஷை வச்சுக்கிட்டு எதுக்கு அவரை பஸ்ஸுல போட்டு உலுக்குற? கண்ணாடி மாதிரித் தெரியும், நானாச்சு" என்றார். நானாச்சாம்!

எனக்கு வேறொன்றும் வேண்டாம். அய்யாவின் குரலை இன்னொரு தடவை கேட்க வேண்டும். அந்தக் குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை, அந்தப் படத்தில் மட்டும்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் அவருக்குச் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, டிவிக்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்தேன். ஓனர் சம்சாரத்தோடு வந்துவிட்டார். குடியிருக்கிறவர்களின் அய்யா டிவியில் வருவது அவருக்கும் பெருமைதானே. நிகழ்ச்சி ஆரம்பித்தது. முதலில் யாரோ உரத்தைப் பற்றிப் பேசினார்கள். பிறகு எங்கள் கண்மாய்க் கரை தெரிந்தது. அய்யா நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளியே கச்சான் காற்று பேயாக வீசிக்கொண்டிருந்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது.

காற்றுக்கு அப்படி ஆவதும், சும்மா விட்டால் அரை நிமிடத்தில் தானாகத் திரும்புவதும் வழக்கம்தான். ஆனால் ஓனர் வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார்.

"அண்ணே, தொடாதீங்க! தானா வந்துரும்!" என்று கத்தினேன்.

"சிலோனையே இழுத்தவன் தாயி நான்" என்று படியேறிக்கொண்டே சொன்னார்.

நான் பின்னால் ஓடப் போனால் என் கணவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். "பெரிய மனுசன், சும்மா இரு" என்கிறார். அப்புறம் பிடித்த கையை விடாமல் என்னையும் இழுத்துக்கொண்டு ஜன்னலில் போய் நின்றுகொண்டார். "வருதாப்பா?" "இல்லண்ணே." "இப்ப?" "இல்லண்ணே, இன்னுங் கொஞ்சம்." இது என்ன பழைய ஆன்டெனாவா, திருகத் திருகப் புள்ளி குறைந்து படம் வர? இது வந்தால் முழுதாக வரும், இல்லாவிட்டால் ஒன்றுமே வராது.

கையை உதறிக்கொண்டு மேலே ஓடினேன். அந்த மனிதர் டிஷ்ஷைக் கட்டிப்பிடித்து, அதன் முகத்தைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, கடலைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறார்!

"என்னண்ணே பண்ணிட்டீங்க!"

"ஆகாசத்துல என்னத்தா இருக்கு? சிலோன் அங்கனல்ல இருக்கு" என்று தென்கிழக்கே கைகாட்டுகிறார். கள்ளமே இல்லாத முகம். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். வேண்டுமென்று செய்திருந்தால் நாலு வார்த்தை திட்டி மனம் ஆறியிருப்பேன்.

"சிலோனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம், பழையபடி வைங்க!" என்று அலறினேன். பழையபடி என்பது எப்படி என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. என் சத்தத்துக்கு என் கணவரும் மேலே வந்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருக ஆரம்பித்தார்கள். அய்யா தனியாக இருக்கிறாரே என்று நான் கீழே வந்தேன்.

டிவி நீலமாகக் கிடந்தது. சிக்னல் இல்லை என்று ஓரத்தில் எழுத்து. அய்யா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓனர் சம்சாரம் என் முகத்தைப் பார்க்கமுடியாமல் தலையைக் குனிந்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தேன், நிகழ்ச்சி முடிந்திருந்தது. போன் அடித்தது. தம்பி.

"அக்கா! பாத்தியாக்கா!" பின்னால் ஒரே கூச்சல், விசில். "அய்யா என்னா தெளிவாப் பேசுறாரு! உன்னையச் சொன்னாருல்ல, நீ அழுதிருப்பியே!"

"என்னலே சொன்னாரு?"

"ஏன், நீ பாக்கலையா? மொளகா போடச் சொன்னது யாருன்னு படம் எடுக்க வந்த பொண்ணு கேட்டுச்சுல்ல. எம் மகதான்னு சொன்னாருக்கா. அவ அறிவு எனக்குக் கெடையாது, இதை அவகிட்ட நான் சொன்னதே இல்லன்னு சொல்லிச் சிரிச்சாரு. இங்கன எல்லாரும் கைதட்டிட்டாங்க."

போனை வைத்தேன். ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. யாரைச் சொன்னாரோ அவள் மட்டும் கேட்கவில்லை. நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"அய்யா, என்னையப் பத்தி என்னய்யா சொன்னீங்க? எங்கிட்டச் சொல்லுங்க."

அவர் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றார், எச்சில்தான் வழிந்தது. பிறகு இடது கையை மெல்லத் தூக்கி, அந்த நீலத் திரையைக் காட்டினார். அங்கே சொல்லிவிட்டாராம்.

மாடியிலிருந்து ஓனர் குரல் கொடுத்தார்.

"தாயி, இப்ப வருதா பாரு!"