சர்வீஸ் விட்ட எஞ்சின்

“குரங்கணி ஜீப்புல ஏறுனாலே ரெண்டாவது வளைவுல வாந்தி எடுக்குறவ, நீ ஏரோப்பிளேனு வாங்கப் போறியாக்கும்?” என்றார் என் தாய்மாமா.

அவர் அப்படிக் கேட்டபோது நான் வாங்கி முடித்திருந்தேன். இறக்கைகளைத் தனியாகக் கழற்றி, உடலை வைக்கோல் மேல் கிடத்தி, லாரி திண்டுக்கல்லைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, பிறகு, “சாயங்காலம் லாரி வரும் மாமா. விறகுக் கொட்டகைய ஒதுக்கித் தாங்க” என்றேன்.

போடியில், முந்தல் ரோட்டில் மாமாவுக்கு ஒரு ஏலக்காய் ஸ்டோர் உண்டு. மலையிலிருந்து இறங்கும் பச்சைக் காயைச் சூட்டறையில் பரப்பி உலர்த்தும் இடம். அங்கே அடுப்புப் பார்ப்பவர் என் அப்பா. அப்பாவுக்குக் கைநாட்டு. அம்மாவுக்கும் அப்படியே. எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேலும் போய் விமானப் பராமரிப்புப் படித்தேன். இப்போது மதுரையில் ஒரு பயிற்சி நிலையத்தில் எஞ்சின் பாடம் நடத்துகிறேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும் என்று தெரியும். உயரட்டும்.

மூடிப்போன ஒரு பயிற்சிக் கழகத்தின் கொட்டகையில் கிடந்த இரண்டு இருக்கை விமானம் அது. பழைய இரும்பு என்று எழுதி ஏலம் விட்டார்கள். அங்கிருந்த அதிகாரி என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “வீட்டு ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?” என்றார். என் கண் எஞ்சின்மேல் இருந்தது. அதில் அடித்திருந்த எண்ணும் விமானத்தின் பழைய பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருந்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன. அது பிறந்தபோது பூட்டிய அதே எஞ்சின். இறக்கைத் துணி இற்றுப்போயிருந்தது, சக்கரங்கள் தட்டையாகியிருந்தன. அதெல்லாம் மாற்றக்கூடியவை. இந்த எஞ்சினை மாற்றினால் பிறகு அது வேறு விமானம்.

எட்டு மாதம், சனி ஞாயிறு தோறும், மதுரையிலிருந்து பஸ். சிலிண்டர்களுக்குள் எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, இறுகிக் கிடந்த எஞ்சினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். எலிக்கூடு எடுத்தேன். குளவி கட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டினேன். ஸ்டோருக்கு லோடு இறக்க வரும் ஜீப்புக்காரர்கள் கொட்டகை வாசலில் நின்று, “ஏத்தா, தேவாரத்துக்கு ஒரு டிக்கெட்டு போடு”, “மேல போயி யானை எங்க நிக்குதுன்னு பாத்துச் சொல்லு” என்பார்கள். நான் திரும்பிப் பார்க்கமாட்டேன். அதற்கும் எனக்கு ஒரு பெயர் வைத்தார்கள்: கலெக்டரம்மா.

ஆவணியில் மாமா ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மூணாறு போகும் வழியில் ரிசார்ட் வைத்திருப்பவர், மலையாளி. சாப்பாட்டுக் கூடத்தின் கூரையில் விமானத்தைத் தொங்கவிட ஆசை. அதைச் சுற்றிவந்து இறக்கைகளைத் தட்டிப் பார்த்தார்.

“மோளே, எஞ்சின் வேண்டா. வெயிட்டு. அத நீ வச்சோ.”

“தொங்க விடுறதுக்கு இல்ல இது.”

“ஓடாத சாமானத் தொங்கத்தான் விடணும்” என்றார் மாமா. “கொட்டகையில விறகு போட எடமில்ல. எத்தன நாளைக்கு இந்தச் சோலி?”

கோபத்தில் வாயை விட்டேன். ஆயுத பூஜைக்கு அடுத்த சனிக்கிழமை எல்லாரும் வாருங்கள், அன்றைக்கு எஞ்சின் ஓடவில்லை என்றால் நீங்களே அவருக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன். மாமா அப்பாவைப் பார்த்தார். “மச்சான், கேட்டீகளா? பொறவு பேச்சு மாறக்கூடாது.” அப்பா தலையை ஆட்டினார். எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

பூஜைக்கு முந்தைய வாரம் எனக்கு மதுரையில் தேர்வுப் பணி. எஞ்சினின் மேல்மூடி கழற்றிக் கிடந்தது. இரண்டு மேக்னெட்டோக்களையும் திறந்து வைத்திருந்தேன். பேட்டரி இல்லாமலே பொறி உண்டாக்கும் கருவி மேக்னெட்டோ. அது செத்தால் எஞ்சின் செத்த மாதிரி. அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன்: “யாரையும் உள்ள விடாதீங்க. பூஜைக்குள்ள சர்வீஸ் முடிக்கணும்.”

நான் படித்த படிப்பில் சர்வீஸ் என்றால் ஒவ்வொன்றாகக் கழற்றி, அளந்து, துடைத்து, மறுபடி பூட்டுவது. போடியில் சர்வீஸ் என்றால் தண்ணீர். ஆயுத பூஜை நெருங்கினால் ஊரிலுள்ள அத்தனை பஸ்சும் ஜீப்பும் சர்வீஸுக்கு நிற்கும். வேகமாகப் பீச்சும் குழாயால் அடித்துக் கழுவி, சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டுவார்கள்.

பூஜையன்று காலை வந்தேன். கொட்டகைத் தரை ஈரமாக இருந்தது. எஞ்சின் பளபளவென்று இருந்தது. நான்கு சிலிண்டர்களிலும் சந்தனம், குங்குமம்.

“நீ சொன்னபடி சர்வீஸ் விட்டாச்சுத்தா” என்றார் அப்பா. “பம்பு செட்ட எடுத்தாந்து நானே நின்னு அடிச்சேன். ஒரு பொட்டு அழுக்கு இல்ல பாரு.”

மேக்னெட்டோவைச் சாய்த்தேன். தண்ணீர் கொட்டியது.

அப்போது நான் பேசியதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. கைநாட்டு என்ற சொல் அதில் இருந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன், மறைப்பது சரியல்ல. ஜீப்புக்காரர்கள் பொரியை மெல்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அப்பா குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். 

மேக்னெட்டோக்களைக் கழற்றி, இடுக்கியில் பிடித்துத் தண்டைச் சுழற்றினேன். பொறி இல்லை. உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருளில் ஈரம் ஏறிவிட்டது. வெயிலில் வைக்கலாம் என்றால் மலையில் மேகம் உட்கார்ந்திருந்தது. நெருப்பருகே வைத்தால் சுருளின் பூச்சு உருகிவிடும். கை தாங்கும் சூடு வேண்டும், சீராக, பல மணி நேரம்.

அந்தச் சூடு எங்கே இருக்கிறது என்பது எனக்கு உடனே தெரிந்தது. தெரிந்ததே எரிச்சலாக இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தச் சூட்டறைக்குள் போய், காயிலிருந்து உதிர்ந்த காம்பு கூட்டுவது சிறுவயதில் என் வேலை. பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த அன்று, இனி அந்த அறைக்குள் கால் வைக்கமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன்.

மேக்னெட்டோக்களைத் துணியில் சுற்றிக்கொண்டு சூட்டறை வாசலில் நின்றவளை மாமா மறித்தார்.

“காய் கெடக்குற ரூமுக்குள்ள இதக் கொண்டாந்தேன்னா நடக்குறதே வேற. காய்ல ஆயில் வாடை ஏறுச்சுன்னா ஏலத்துல மோந்து பாத்ததும் தூர வச்சுருவான்.”

“காய் இறக்குனதும் வைக்கிறேன். அடுத்த லோடு ஏத்துறதுக்கு முன்னாடி எடுத்துர்றேன்.”

“ரூம யாரு கூட்டுவா?”

“நான்.”

“படிச்ச புள்ள கூட்டுமா?” என்று சிரித்தார். வழி விட்டார்.

விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அந்த வாரம் மூன்று முறை காம்பு கூட்டினேன். ஒவ்வொரு முறையும் காய் இறக்கியபின் அறையில் தங்கும் சூட்டில் மூன்று நான்கு மணி நேரம் மேக்னெட்டோக்கள் கிடந்தன. மூன்றாம் முறை எடுத்துத் தண்டைச் சுழற்றியபோது கம்பி நுனியில் நீலமாக ஒரு பொறி தாவியது. இரண்டிலும். துணியெல்லாம் ஏலக்காய் வாசம். எனக்கு அந்த வாசம் பிடிக்காது.

சனிக்கிழமை இறக்கை பூட்டாத விமானத்தைக் களத்துக்குத் தள்ளினேன். வாலைத் தென்னைமரத்தில் கட்டி, சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். ஜீப்புக்காரர்கள், மாமா, ரிசார்ட்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். மூக்கிலிருக்கும் விசிறியைக் கையால் சுண்டித்தான் அந்த எஞ்சினைக் கிளப்ப முடியும். அப்போது உள்ளே வேகப் பிடியைப் பிடித்திருக்க ஓர் ஆள் வேண்டும். யாரும் முன்வரவில்லை. அப்பா ஏறி உட்கார்ந்தார்.

“இந்தப் பிடிய மட்டும் பிடிங்க. வேற எதையும் தொடாதீங்க” என்றேன். பூஜையன்று திட்டியபின் நான் அவரிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

முதல் சுண்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில் இருமியது. “அம்புட்டுத்தான்” என்றது பின்னால் ஒரு குரல். ஐந்தாவது சுண்டில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. களத்துத் தூசி முழுவதும் மாமாவின் வெள்ளை வேட்டிக்குப் போனது. பதினோரு நிமிடம் ஓடவிட்டு, நானே அணைத்தேன்.

அப்பா இறங்கினார். “நான் எதையும் தொடலத்தா” என்றார். சரி என்றேன். மன்னிப்பு இன்னும் கேட்கவில்லை.

மாமா வேட்டியைத் தட்டிக்கொண்டே, “சத்தம் வந்துச்சு. பறந்துச்சா?” என்றார். ரிசார்ட்காரருக்கு ஆசை கூடியிருந்தது. “எஞ்சினும் சேத்து எடுத்துக்கறேன் மோளே, ஓட்டிக் காட்டினா ஆளுங்க வரும்” என்றார். உடனே மாமா அப்பாவைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். பந்தயம் என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் என்னிடம் அப்படித்தான் நடந்துகொள்வார்கள் என்று எனக்குத் தெரியும்.

“எறக்கைய ஒருக்கா காணட்டே” என்று ரிசார்ட்காரர் கொட்டகைக்குள் போனார். சற்று நேரத்தில் அவர் குரல் மட்டும் வந்தது.

“இதெந்தா மோளே?”

அன்று காலை, அவர்கள் யாரும் வருவதற்கு முன், நான் இரண்டு இறக்கைகளின் துணியையும் கத்தியால் நுனி முதல் அடி வரை கிழித்து உரித்திருந்தேன். உள்ளே இருந்த மரச்சட்டங்கள் மட்டும் மீன் முள் போலச் சுவரில் சாய்ந்திருந்தன. எஞ்சின் ஓடியிருக்காவிட்டாலும் அது அவருடைய கூரைக்குப் போயிருக்காது. புதுத் துணிக்கு அளவெடுத்து அனுப்பியாயிற்று.