சம்மனசின் கன்னம்

கால்சா என்ற பழைய நகர்ப்பகுதியில் ஒரு மாளிகைக்குள்ளிருந்து வந்த ஈரச் சுண்ணாம்பு வாசம் இழுக்க, அம்மாவோடு உள்ளே போனேன். சிறுவயதில் நாங்கள் வாடகைக்கு இருந்த இடம் அது. இப்போது நகரம் அதைப் பாதுகாக்கிறது. பலகை அடித்து மறைத்து நாங்கள் சமைத்த குசினி இல்லை. விதானத்தில் வரைந்த, சிறகு விரித்த சம்மனசுகள் இருக்கிறார்கள். எதை வைப்பது, எதைக் கழற்றுவது என்று எப்படித்தான் தீர்மானிக்கிறார்களோ!

அந்நாளில், மேல்மாடியில் இருந்த இத்தாலியச் சின்யோரா இருமுவாரென்று அம்மா சன்னல்களைச் சாத்திவிட்டுத்தான் மிளகாய் வறுப்பார். நான் பாயில் மல்லாந்து, கறுத்துப்போன சிறகுகளைப் புகைக்குள் தேடிக்கொண்டு கிடப்பேன். இன்று எல்லாம் வெளுத்திருக்க, ஒரு சம்மனசின் கன்னத்தில் மட்டும் சிறு கறுப்புச் சதுரம்.

"சுத்தம் செய்யுமுன் இருந்த நிலைக்குச் சாட்சியாக விட்டிருக்கிறோம். இனி அதையும் யாரும் தொடக்கூடாது," என்றாள் வழிகாட்டிப் பெண்.

அம்மா அண்ணாந்து பார்த்தார்.

"அது என்ரை மிளகாய்ப் புகையெல்லே!"