அடிப்பக்கத்து டேப்

எங்கள் வீட்டில் உறை போடாத பொருள் கிடையாது. ஃப்ரிட்ஜுக்குப் பூப்போட்ட துணி, மிக்சிக்குச் சட்டை, டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் கவர். இரும்புலியூரில் ஜிஎஸ்டி ரோட்டுப் புழுதியைக் காலையில் துடைத்தால் சாயங்காலம் திரும்ப வந்து உட்கார்ந்துவிடும். அதனோடு மல்லுக்கட்டுவதுதான் ரிட்டயர் ஆன அப்பாவுக்கு முழுநேர வேலை. எனக்கு எரிச்சலாக வரும்.

அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது அமெரிக்காவிலிருந்த தம்பியால் வர முடியவில்லை. விசா சிக்கல், கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்றான். தெரிந்தவர் மூலம் ஒரு லேப்டாப் கொடுத்தனுப்பினான். தினமும் காலையில் அதில் அவன் முகம் வரும். பேச்சே போயிருந்த அம்மா அவனைப் பார்த்தால் மட்டும் உதட்டை அசைப்பாள். அதற்காகத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

சித்திரை வெயில் ஏற ஏற லேப்டாப் கொதிக்க ஆரம்பித்தது. கொஞ்சம் பேசுவதற்குள் பொசுக்கென்று அணைந்துவிடும். மெத்தைமேல் வைத்தால் காற்று போகாது என்று தம்பி சொன்னதும் அப்பா ஸ்டூல் போட்டார். நான்கு மூலையிலும் பாட்டில் மூடி வைத்துத் தூக்கிவிட்டார். அம்மாவுக்கு ஓடிய டேபிள் ஃபேனை நான் அதன் பக்கம் திருப்பினேன். மனுஷிக்கு வியர்க்கிறது, மெஷினுக்குக் காற்று! அந்தச் சனியன் எதற்கும் அடங்கவில்லை.

அன்று காலை அம்மாவுக்கு மூச்சு இழுத்தது. உடனே தம்பியைக் கூப்பிட்டேன்.

"இன்னும் கிட்ட காட்டுக்கா... அம்மா, நான்தாம்மா. இங்க பாரும்மா."

அம்மா கண்ணைத் திறந்தாள். ஏதோ சொல்ல உதடு குவிந்தது. திரை கறுத்தது.

பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். "ஆறட்டும், ஆறட்டும்" என்று அப்பா விசிறியை எடுத்து லேப்டாப்புக்கு விசிறினார். அது ஆறித் திரும்ப அவன் முகம் வந்தபோது அம்மா போய்விட்டிருந்தாள். கண் மட்டும் திறந்தபடி இருந்தது.

"அம்மா பாக்கறாங்கக்கா" என்றான் அவன்.

விசா, வேலை எல்லாவற்றையும் உதறிவிட்டுக் காரியத்துக்கு வந்து சேர்ந்தான். எல்லாம் முடிந்த மறுநாள் லேப்டாப்பை எடுத்து மடியில் குப்புறப் போட்டான். அடிப்பக்கம் காற்று போகும் ஓட்டைகள் அத்தனையிலும், ஓரம் பிசிறில்லாமல் வெட்டி ஒட்டிய செலோ டேப்.

அப்பா பக்கத்தில் வந்து நின்றார். "வந்த அன்னிக்கே ஒட்டிட்டேன்டா. இந்த ஊர்ப் புழுதி உனக்குத் தெரியாததா? ஒரு துளி உள்ள போயிருக்காது, பாரு."

தம்பி என்னைப் பார்த்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வீட்டு உறைகளையெல்லாம் கிழித்துத் தெருவில் வீசியிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நல்லா ஒட்டியிருக்கீங்கப்பா" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பை நிமிர்த்தி வைத்தான்.

பிறகு அவன் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டான். அப்பா தினமும் காலையில் அதே ஸ்டூலில் லேப்டாப்பை வைத்து அம்மாவின் போட்டோக்களைப் பார்ப்பார். பாதியில் சூடாகி அணைந்துவிடும். விசிறியோடு காத்திருப்பார். டேப்பை நான் உரிக்கவில்லை. உரித்தால் ஏன் என்று கேட்பார்.