பதிஞ்சிட்டன் அம்மா

போன கிழமை வவுனியா பஸ் நிலையத்தில் இரண்டு பேரைப் பார்த்தேன். வெள்ளைச் சேட்டு, கறுப்புக் காற்சட்டை, கழுத்தில் டை. அந்த வெயிலில் டை! ஏதோ ஒரு சபையிலிருந்து ஊழியத்துக்கு வந்த பிள்ளைகள்.

"ஐயா, ஒரு நிமிசம் கதைக்கலாமோ?" என்று கேட்டான் உயரமானவன்.

"ஒரு மணித்தியாலமே கதைக்கலாம் தம்பி. மாங்குளம் பஸ் இப்ப வராது."

அவன் திகைத்துப் போனான். அன்று முழுக்க ஒருவரும் அவனுக்கு ஓம் சொல்லவில்லை போல... சொல்ல வந்தது மறந்து மற்றவனைப் பார்க்கிறான். மற்றவன் தன் சப்பாத்தைப் பார்க்கிறான்.

"ஊழியத்துக்கு வந்து எத்தினை நாள்?"

"இண்டைக்கு ஒன்பதாம் நாள் ஐயா."

ஒன்பதாம் நாள்! அதற்குப் பிறகு அவன் கதைத்த ஒன்றும் என் காதில் ஏறவில்லை. நான் என்னுடைய ஒன்பதாம் நாளுக்குப் போய்விட்டேன்.

உங்களுக்கு இதை நான் சொன்னதில்லை, இல்லையா? நானும் ஊழியக்காரனாக இருந்தவன்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சனம் சண்டையால் இடம்பெயர்ந்து வந்து மாங்குளத்துப் பக்கம் மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டிருந்த காலம். எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு மாடு மேய்த்தவன் நான். பிறகு வயலில் கூலி. ஒரு சின்னச் சபையில் சேர்ந்து, வேதப்புத்தகத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கவே பழகினேன். அப்படிப்பட்ட என்னைப் பார்த்து எங்கள் பாஸ்டர், "நீங்கள் ஊழியத்துக்குப் போங்கோ" என்று சொல்லிவிட்டார்.

சபையின் சட்டம் — தனியே போகக் கூடாது, இரண்டு பேராகத்தான் போக வேண்டும். எனக்குக் கிடைத்த சோடி சீலன் அண்ணை. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு வாசல் படலையைத் தட்டினாலும் பஸ்ஸின் தகரத்தில் அடிப்பதுபோல டப் டப் என்று இரண்டு அடி. ஜெபக் கூட்டத்துக்குச் சனம் வந்து வாசலில் நின்றால், "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ, முன்னுக்கு இடம் கிடக்கு" என்பார்.

ஊழியத்தில் எது கஷ்டம் என்று நினைக்கிறீர்கள்? ஜெபமா? இல்லை. சேட்டு! ஒரேயொரு வெள்ளைச் சேட்டு. சவுக்காரம் எங்கேயும் கிடையாது, கிடைத்தாலும் வாங்க ஏலாது. பனம்பழத்தைப் பிசைந்துதான் எல்லோரும் உடுப்புத் தோய்த்தோம். நல்லாய்த்தான் வெளுக்கும்... ஆனால் வாசம் போகாது. ரோட்டில் போனால் மாடுகள் பின்னாலேயே வரும். ஒரு நாள் ஒரு நாம்பன் என் சேட்டு நுனியைக் கவ்வி இழுத்தே விட்டது.

"உம்மட பழைய ஆக்கள் உம்மை மறக்கேல்லை" என்றார் சீலன் அண்ணை.

முதல் எட்டு நாளும் எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். "நாங்கள் சைவம்." "எங்களுக்கு மாதா இருக்கிறா, போயிட்டு வாங்கோ." சில இடங்களில் ஆள் வரமாட்டார், நாய்தான் வரும். எட்டு நாளில் ஒருவர்கூட இரு என்று சொல்லவில்லை. கூலி வேலைக்குப் போனாலும் மத்தியானம் இரு என்பார்களே! திரும்பி வயலுக்கே போய்விடுவோமா என்றிருந்தது.

ஒன்பதாம் நாள் காலை பாஸ்டர் ஒரு கொப்பி தந்தார். சந்திக்கும் ஆட்களின் பெயரை எழுதி வந்தால் சபையில் ஜெபிக்கலாம் என்றார்.

"கொப்பியை நீர் வையும். நான் இருவது வருசம் டிக்கெட் எழுதிக் களைச்ச ஆள்" என்று சீலன் அண்ணை என் கையில் திணித்தார்.

முதல் கொட்டிலில் ஒரு அக்கா வெளியே வந்தா. பெயர் திரேசம்மா. முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்த குடும்பம். வெள்ளைச் சேட்டைப் பார்த்தா. கொப்பியைப் பார்த்தா. அவ்வளவுதான்... பக்கத்துக் கொட்டிலுக்கு ஓடிப்போய் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தா!

"இருங்கோ ஐயா. மழைக்கு முந்தி வருவியளோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனாங்கள்."

என் வாழ்க்கையில் எனக்காக ஒருவர் கதிரை தூக்கி வந்தது அதுதான் முதல் தரம். இருந்தேன். தேத்தண்ணி வந்தது, கடிக்கப் பனங்கட்டியும் வந்தது. சீலன் அண்ணை நின்றபடியே குடித்தார்.

"திரேசம்மா எண்டு போடுங்கோ. அவர் காய்ச்சலில கிடக்கிறார். ரெண்டு பிள்ளையள், மாமி. மொத்தம் அஞ்சு சீவன்."

எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுத எனக்கு நேரம் எடுக்கும். அவவோ அயலவருக்குச் சொல்லுறா — "பாருங்கோடி, எவ்வளவு கவனமா எழுதுறார்!"

பிறகு கேட்டா: "பதிஞ்சிட்டியளோ ஐயா?"

அந்தச் சொல்லில் எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கியது. பொய் சொல்ல மாட்டேன் — கொஞ்சம் விளங்கியது. நிவாரணத்துக்குப் பதிய வந்தவர்கள் என்று அவ எங்களை நினைக்கிறா. ஆனால் கதிரை... எட்டு நாளுக்குப் பிறகு கிடைத்த கதிரையில் இருந்துகொண்டு, "இல்லை அம்மா, இது ஜெபத்துக்கு" என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஓம் அம்மா, பதிஞ்சிட்டன்."

அடுத்த கிழமை அதே பக்கம் போனோம். தூரத்திலேயே கண்டுவிட்டா.

"ஐயா! எல்லாருக்கும் மாவும் பருப்பும் குடுத்தவங்கள். எங்கட பேர் இல்லையாம். விதானையார் பதிய வந்தவர்தான். நான்தான் 'எங்களைப் பதிஞ்சாச்சு' எண்டு அனுப்பிப்போட்டன். நீங்கள் பதிஞ்சனீங்கள்தானே?"

விதானையார் என்றால் கிராம சேவகர். மெய்யாகப் பதிகிறவர். ஐந்து வயிறு! ஒரு சொல்லால் பட்டினி போட்டுவிட்டேனே.

அங்கேயே அவவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ கத்தவில்லை. "வாங்கோ" என்று மட்டும் சொல்லி முன்னால் நடந்தா. கத்தியிருந்தால் நல்லாயிருக்கும்.

மூன்று பேருமாக விதானையாரிடம் போனோம். அவர் என் கொப்பியை வாங்கிப் புரட்டினார்.

"ஓய், உம்மட கொப்பியில பதிஞ்சா மோட்சம் கிடைக்கும். என்ர கொப்பியில பதிஞ்சாத்தான் மா கிடைக்கும்."

வரிசையில் நின்ற சனம் சிரித்தது. பட்டியல் முடிந்துவிட்டது, இனிச் சேர்ப்பதென்றால் இந்தக் குடும்பம் எப்படித் தவறியது என்று ஒரு கடிதம் வேண்டும், அதை மேலே அனுப்ப வேண்டும் என்றார். சீலன் அண்ணை பேனையை எடுத்தார்.

"பொறும். பதிஞ்சது ஆர்?" என்று விதானையார் மறித்தார்.

"நான்தான் ஐயா" என்றேன்.

"அப்ப நீரே எழுதும்."

அதுவரை நான் யாருக்கும் கடிதம் எழுதியதில்லை. முழு வரிசையும் பார்த்துக்கொண்டு நிற்குது. வியர்வை கடதாசியில் சொட்டுது. பனம்பழ வாசம் வேறு! எழுதி முடித்தது இரண்டே வரி. "திரேசம்மா குடும்பம் ஐந்து பேர். பதிந்ததாகச் சொன்னது நான், பதியாததும் நான்."

விதானையார் வாசித்தார். திரும்பவும் வாசித்தார். "இப்பிடி ஒரு கடிதம் நான் காணேல்லை" என்றார். சிரிக்கவில்லை. அதன் கீழே தானும் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வைத்தார்.

அடுத்த தரம் மா கொடுத்தபோது திரேசம்மாவின் பெயர் இருந்தது. இடையில் போன நாட்களுக்கு அயலவர்கள் ஆளுக்கொரு சுண்டாய் அளந்து மா கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது அவ நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? ஆனால் சொன்னா:

"இனி வரேக்க முதல் வசனத்திலயே சொல்லுங்கோ ஐயா, நீங்கள் ஆரெண்டு. பிறகு வேணுமெண்டா வேதத்தைச் சொல்லுங்கோ."

எந்தப் பாஸ்டரும் எனக்கு இவ்வளவு தெளிவாக ஊழியம் படிப்பித்ததில்லை. அன்று தொடக்கம் எந்தப் படலையில் நின்றாலும் முதல் வசனம் அதுதான் — "அம்மா, நாங்கள் ஒண்டும் பதியவும் வரேல்லை, தரவும் வரேல்லை."

பாதிப் பேர் அந்த இடத்திலேயே உள்ளே போய்விடுவார்கள். மிச்சப் பாதிப் பேர் அதைக் கேட்ட பிறகும் "இருங்கோ" என்பார்கள்; அவர்களை நினைத்தால்தான் இன்றைக்கும் அந்த நாட்கள் வேண்டும்போல இருக்கிறது.