ஞாயிற்றுக்கிழமை ரயில்

பட்டறையில் எல்லோரும் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ப்பது அவள் தொழில். வட்டமாக வருகிற லென்ஸை ஃபிரேமின் அளவுக்கு வெட்டி, தண்ணீர் சொட்டுகிற சக்கரத்தில் ஓரம் தேய்த்து, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்க வேண்டும். ஓரத்தில் துளி சில்லுத் தெறித்திருந்தாலும் குப்பையில் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். எத்தனையோ பேர் அவள் கைபட்ட கண்ணாடி வழியாகத்தான் உலகத்தைப் பார்த்தார்கள். அவளுக்கோ கண்ணைத் திறந்து வைத்திருப்பதே பெரும்பாடாக இருந்தது.

முன்பு சின்ன ஊரொன்றில் இருந்த கிளைப் பட்டறையில் வேலை. திடீரென்று ஒருநாள் அந்தக் கிளையை மூடிவிட்டு, நகரத்துப் பட்டறைக்கு வருகிறாயா, வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டார்கள். புருஷன் தையல்காரர். அவர் தொழில் ஒரு மாதம் ஓடும், ஒரு மாதம் படுத்துக்கொள்ளும். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. எனவே போவதா வேண்டாமா என்று யோசிக்க ஒன்றுமில்லை. மகளுக்கு அப்போது பத்து வயது. மூட்டை கட்டினார்கள்.

யோசிக்க வேண்டியிருந்தது வீட்டைப் பற்றித்தான். பட்டறை இருந்த தெருவிலேயே ஒரு இடம் கிடைத்தது. ஒரே அறை, அதன் மூலையில் சமையல், சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். அதை வீடு என்று சொன்னால் மற்ற வீடுகள் கோபித்துக்கொள்ளும். அதே வாடகைக்குப் புறநகரில் இரண்டு படுக்கையறை, தையல் மெஷின் போட ஒரு வராந்தா, வாசலில் மரம். ரயிலில் போய்வர எவ்வளவு நேரமாகும் என்று மட்டும் தெரிந்தால் போதும். மூன்று பேரும் கிளம்பிப் போய்ப் பார்த்தார்கள். போன நாள் ஞாயிற்றுக்கிழமை.

இந்த இடத்தில்தான் தையல்காரரை நினைத்தால் நமக்கு எரிச்சல் வருகிறது. ஒரு முழத் துணி வாங்குவதற்குள் அதைப் பிரித்து, கசக்கி, இழையை இழுத்துப் பார்த்துக் கடைக்காரன் உயிரை எடுக்கிற மனிதர் அவர். ரயிலை மட்டும் விடுமுறை நாளில் பார்த்து நம்பிவிட்டார். பெட்டி காலியாகக் கிடந்தது. ஆளுக்கொரு சன்னல். மகள் எதிர் இருக்கையில் காலை நீட்டிக்கொண்டாள்.

“அட, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுச்சே” என்றார் தையல்காரர்.

கண்ணாடிக்காரியும் சிரித்தபடி தலையாட்டினாள். அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்த வாரமே புறநகர் வீட்டில் குடியேறினார்கள்.

முதல் திங்கட்கிழமை, வந்த ரயிலில் அவளால் ஏறவே முடியவில்லை. அடுத்ததிலும் முடியவில்லை. அதற்கடுத்த ரயிலில் அவள் ஏறவில்லை, பின்னால் நின்றவர்கள் அவளை உள்ளே தள்ளினார்கள். அன்றிலிருந்து மூன்று வருஷம். விடிவதற்கு முன்னால் வாசலைத் தாண்டினால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். மகள் காலையில் எழும்போது அவள் இருக்க மாட்டாள். அவள் வரும்போது மகள் பாதித் தூக்கத்தில் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கண்ணாடிக்காரி வீட்டிலேதான் இருப்பாள், போர்வைக்குள்.

இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. தையல்காரருக்கு அந்தத் தெருவில் வாடிக்கை பிடித்திருந்தது. வராந்தாவில் எப்போதும் நாலு பெண்கள் அளவு ஜாக்கெட்டோடு நிற்பார்கள். மகளுக்குச் சைக்கிள் ஓட்ட இடம், கூடச் சுற்றத் தோழிகள். இத்தனை நல்லதையும் தன் ஒருத்தியின் அலுப்புக்காகக் கலைப்பதா என்று வாயைக் கட்டிக்கொண்டாள். உள்ளுக்குள் மட்டும் ஆத்திரம் ஊறிக்கொண்டே இருந்தது. இது யாருக்காக நடத்துகிற குடித்தனம், அதில் தான் எங்கே இருக்கிறோம் என்று ரயில் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொள்வாள். பதில் வருவதற்குள் தூங்கிவிடுவாள்.

ஒரு புதன்கிழமை பட்டறையில் கரண்ட் போய், மதியமே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். வெயிலில் தன் வீட்டு வாசலைப் பார்ப்பதே அவளுக்கு அதிசயமாக இருந்தது. தையல்காரர் நூல் வாங்கப் போயிருந்தார். எதிர் வீட்டுக்குக் குடிவந்து சில மாதமான அம்மாள் ஒருத்தி கையில் துணியோடு படியேறினாள்.

“டெய்லர் இல்லீங்களா? நீங்க அவரோட அக்காவா? ஊர்லேர்ந்து வந்திருக்கீங்களா?”

விளக்கம் சொல்லத் தெம்பில்லை அவளுக்கு.

“ஆமாங்க. காலைல போயிடுவேன்” என்றாள்.

அம்மாள் துணியைக் கொடுத்துவிட்டுப் போனதும் வராந்தாவில் உட்கார்ந்து அழுதாள். மூன்று வருஷத்தில் அப்படி அழ அவளுக்கு நேரம் கிடைத்ததே அன்றுதான்.

அன்று மாலை மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லிவிட்டாள்.

“ஏங்க, என்னால முடியல.”

“என்ன முடியல?”

“ரயில். நாம முதல்ல பார்த்தோமே ஒத்த ரூம், அது மறுபடியும் காலியா இருக்காம். அங்க போயிடலாமா?”

தையல்காரர் வாய்க்குக் கொண்டுபோன கையை இறக்கினார். மகள்தான் முந்திக்கொண்டாள்.

“அந்தப் பொந்துக்கா? நான் வரல. வேணும்னா நீ மட்டும் போய் இரு. எப்படியும் நீ இங்க இருக்கறதே இல்லையே.”

“ஏய், வாயை மூடு” என்றார் தையல்காரர். பிறகு மனைவியைப் பார்த்து, “சரி, எதுக்கும் போய் ஒருதடவை பார்த்துட்டு வந்துடுவோம். வர்ற ஞாயித்துக்கிழமை...”

“திங்கக்கிழமை” என்றாள் கண்ணாடிக்காரி. “நான் போற ரயில்ல.”

பள்ளி விடுமுறை என்பதால் மகளால் சாக்குச் சொல்ல முடியவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். ரயில் வந்து நின்றதும் தையல்காரர் கண்ணியமாக வரிசையில் நிற்கப் பார்த்தார். அவர் மனைவி அவர் முதுகில் கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினாள். உள்ளே போய் விழுந்தபோது அவர் சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. பெட்டிக்குள் எள் விழ இடமில்லை.

“தூங்குமூஞ்சி, இங்க வா, உன் மூலை காலியாத்தான் இருக்கு” என்று ஒரு குரல் கேட்டது. தினமும் கூட வருகிற நர்ஸ்.

கதவுக்கும் தடுப்புக்கும் நடுவே ஓர் ஆள் சாய்ந்து நிற்கிற அளவுக்கு ஒரு மூலை. கண்ணாடிக்காரி அதில் போய் ஒட்டிக்கொண்டாள். அவள் சரிந்து விழாமல் நர்ஸ் தோளைக் கொடுத்து நின்றாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் கண்ணாடிக்காரி தூங்கிவிட்டாள், நின்றபடியே, வாயைத் திறந்துகொண்டு.

“நீ யாரும்மா?” என்று நர்ஸ் மகளைக் கேட்டாள்.

“இவங்க பொண்ணு.”

“ஓ, நீதானா? உன்னைப் பத்தி நிறையச் சொல்லும், முழிச்சிருந்தா.”

மகள் தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கத்திலும் பை வாரை விடாத அந்த விரல்களில் எத்தனை கழுவியும் போகாத லென்ஸ் பொடி வெள்ளையாக அப்பியிருந்தது.

“தினமும் இப்படித்தான் கூட்டமா?”

“இன்னிக்குக் கூட்டம் கம்மி” என்றாள் நர்ஸ்.

அந்த ஒற்றை அறை மூன்று வருஷத்தில் கொஞ்சமும் திருந்தியிருக்கவில்லை. அதே மூலை, அதே சுவர். மகள் உள்ளே நுழையாமல் வாசலிலேயே நின்றாள்.

“உன் பட்டறை எங்கம்மா இருக்கு?”

கண்ணாடிக்காரி கையை நீட்டினாள். தெருக்கோடியில் நீல ஷட்டர் தெரிந்தது. ஒரு பையன் அப்போதுதான் அதைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

மகள் ஷட்டரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள்.

“ஏம்மா சொல்லவே இல்ல?”

“உனக்கு அந்த வீடு பிடிச்சிருந்துச்சு.”

மகள் மூக்கை உறிஞ்சினாள். உள்ளே தையல்காரர் சுவரோரமாகக் குனிந்து சாண் போட்டு அளந்துகொண்டிருந்தார்.

“கட்டிலைப் பகல்ல நிமிர்த்தி வச்சுட்டா மெஷின் இங்க நிக்கும்” என்றார், யாரும் கேட்காமலேயே.

விடுமுறை முடிவதற்குள் குடிவந்துவிட்டார்கள். சைக்கிளை விற்றாயிற்று. வாடிக்கைக்காரிகளுக்குக் கும்பிடு போட்டு வந்த தையல்காரர், புதுத் தெருவில் கிழிந்த பேன்ட்டுகளை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். யாருக்கும் சந்தோஷம் பொங்கி வழியவில்லை. ஒருவர் புரண்டு படுத்தால் மூவரும் விழித்துக்கொள்கிற வீடு அது.

பள்ளி திறந்த அன்று, பழைய வழக்கத்தில் கண்ணாடிக்காரிக்குச் சீக்கிரமே விழிப்புக் கொடுத்துவிட்டது. முகம் கழுவி, உடுத்தி, அடுப்பை மூட்டினாள். அதன் பிறகும் நேரம் மிச்சமிருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் சன்னல் பக்கம் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் எழுந்து கண்ணைக் கசக்கினாள்.

“நீ இன்னும் போகலையா?”

“நேரமிருக்கு.”

இரண்டு பேருக்கும் காலையில் பேசிப் பழக்கமே விட்டுப் போயிருந்தது. மகள் சீப்பை எடுத்து வந்து, அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இவ்வளவு நாளும் தலை பின்னிவிட்டது தையல்காரர்தான்.

கண்ணாடிக்காரி வகிடெடுத்துப் பின்னத் தொடங்கினாள். பழைய கணக்கில் தோளுக்குக் கீழே வந்ததும் முடிச்சுப் போட ரிப்பனை எடுத்தாள். பார்த்தால், பின்ன வேண்டிய முடி இன்னும் அவ்வளவு இருந்தது.

“இது எப்ப இவ்வளவு வளர்ந்துச்சு?” என்று கேட்டாள்.

மகள் திரும்பவில்லை.

“நீ ரயில்ல இருந்தப்ப” என்றாள்.