ஒழுகினால் சட்டி வைக்கிற ஊரில் ஒரு ஏசிக்காரன்

எங்கள் தொழிலில் பிழை தொடங்கும்போதே ஒருவரும் கூப்பிடுவதில்லை. மெஷின் மூச்சை விட்ட பிறகு, அதுவும் வீட்டில் விருந்தாளி நிற்கிற நேரம் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள். தண்ணீர்ப் பம்பு பார்க்கிறவர்கள், வாகனம் திருத்துகிறவர்கள், பல் பிடுங்குகிற டாக்டர்மார் எல்லாரும் இதை வாசித்துத் தலையாட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியும். நம் எல்லாருக்கும் ஒரே தலையெழுத்து.

திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் எனக்கு ஏசி திருத்துகிற கடை இருக்கிறது. கடை என்றால் ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு மர ஏணி, பிறகு நஸீர். நஸீர் கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருகிறவன். என் முழங்கால் தேய்ந்துபோனதால் நிலத்தில் நின்று செய்கிற வேலை என்னுடையது, ஏறிச் செய்கிற வேலை அவனுடையது. இந்த ஊரில் ஏசியின் வெளிப்பெட்டியைக் கள்ளனுக்கும் எட்டாத, திருத்துகிறவனுக்கும் எட்டாத உயரத்தில் பொருத்திப் பூட்டுவார்கள். ஆகவே ஏறுகிற வேலைதான் பெரிய வேலை. ஏணியோ நைலோன் கயிற்றால் கட்டுப்போட்ட பழைய ஏணி. "அண்ணன், இது ஒரு நாளைக்கு என்னைக் கொல்லும்" என்று அவன் ஒவ்வொரு நாளும் காலையில் சொல்வான். "பாப்பம்" என்று நானும் ஒவ்வொரு நாளும் சொல்வேன்.

இந்த வருசம் கச்சான் காற்று தொடங்கி ஊர் வெந்துகொண்டிருந்த நேரத்தில், நஸீர் கடைக்கு வெளியே போய் நின்று மெல்லிய குரலில் ஃபோன் கதைக்கத் தொடங்கினான். என் காதில் விழுந்தவை சவூதி, விசா, டிக்கெட். இவன் வெளிநாட்டு வேலைக்குப் போனால் நான் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் குந்த வேண்டியதுதான். நேரே கேட்கலாம். கேட்டு அவன் "ஓம்" என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில் கேட்காமலே இருந்தேன். கீழே இருப்பவை எல்லாம் அந்தப் பயத்தை மடியில் கட்டிக்கொண்டு நான் வேலைக்குப் போன நாட்களில் நடந்தவை.

கறிவேப்பிலைக்கு வந்த ஆபத்து

லிங்கநகரில் ஒரு வீடு. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயாவும் அவருடைய மனைவியும். அறைக்குள் இருக்கிற ஏசி ஒழுகத் தொடங்கியபோது அவர்கள் கீழே ஒரு சட்டி வைத்திருக்கிறார்கள். ஒழுக்குக் கூடியதும் சட்டி போய் வாளி வந்தது. பிறகு வாளிக்கு இடம் விட்டுக் கட்டிலை நகர்த்தி, கட்டிலுக்கு இடம் விட்டு அலுமாரியை விறாந்தைக்கு அனுப்பியிருந்தார்கள். ஏசிக்காரனுக்கு ஒரு ஃபோன் எடுப்பதைத் தவிர எல்லாம் செய்திருந்தார்கள். "இது எவ்வளவு காலமா ஒழுகுது?" என்று கேட்டேன். ஐயா மனைவியைப் பார்த்தார், மனைவி கூரையைப் பார்த்தார்.

தண்ணீர் வெளியே போகிற குழாயில் பாசி அடைத்திருந்தது. அவ்வளவுதான் மெஷினுக்கு வந்த வருத்தம். நஸீர் ஏணியில் ஏறிக் குழாயை ஊதிச் சுத்தம் செய்தான், ஒழுக்கு நின்றது. குழாயின் மறு நுனி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றது. ஒரு வாரம் கழிந்து அடுத்த கிழமை அந்த அம்மா ஃபோன் எடுத்தா. குரலில் கோபமும் இருந்தது, கவலையும் இருந்தது.

"தம்பி, அந்த வாளித் தண்ணியிலதான் என்ர கறிவேப்பிலை நிண்டது. இப்ப எல்லாம் பக்கத்து வீட்டு வாழைக்கெல்லோ போகுது. பழையபடி கொஞ்சம் ஒழுக விடேலாதோ?"

பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று

ஒரு பெரியவருக்கு நோர்வேயில் இருக்கிற மகன் ஏசி ஒன்று அனுப்பியிருந்தான். இங்கே நாம் பூட்டுகிறவை பெரும்பாலும் குளிர் மட்டும் தருகிறவை. அறைக்குள் இருக்கிற வெக்கையை அள்ளி வெளியே கொட்டும், அவ்வளவுதான். இவருடையது இரண்டு பக்கமும் வேலை செய்கிற சாதி. நோர்வேயில் அதைத் திருப்பி ஓடவிட்டால் வெளியே இருக்கிற சூட்டை அள்ளி வீட்டுக்குள் கொட்டும். மகன் அதை ஹீட் பம்ப் என்று சொல்வானாம். தகப்பனின் முறைப்பாடு என்னவென்றால், இரவில் மெஷின் தங்கம் போல வேலை செய்கிறது, பகலில் மட்டும் கொதிக்கிறது. காஸ் குறைந்திருக்கலாம், கொம்பிரசர் களைத்திருக்கலாம் என்று நான் எண்ணிக்கொண்டே போனேன்.

போனது மத்தியானம். அறைக்குள் கால் வைத்ததும் பேக்கரிப் போறணைக்குள் தலையை விட்டது மாதிரி இருந்தது. பெரியவர் உடம்பில் சேட்டில்லாமல் கதிரையில் இருந்து விசிறிக்கொண்டிருந்தார். ரிமோட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெக்கை தருகிற சூரியப் படத்தில் நின்றது. பனிப்பூப் படத்துக்கு மாற்றிக் கொடுத்து, இனி இதைத் தொடக்கூடாது என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"பகலுக்குச் சூரியன், இரவைக்கு நட்சத்திரம் எண்டுதானே கீறியிருக்கிறான். நான் ஒழுங்காத்தான் மாத்தி மாத்தி அமத்தினனான். படம் கீறினவன்ர பிழைக்கு நான் என்ன செய்யிறது?"

அன்றைக்குத் திரும்பி வருகிற வழியில் நஸீர் ஒரு ஸ்டூடியோ வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். உள்ளே போய் ஒரு சிறிய கவரோடு வந்தான். பாஸ்போர்ட் படம். பக்கத்துக் கடையில் அவனுக்கு கடிக்க இரண்டு ரோல்ஸும் குடிக்கப் பால் விடாத ஒரு பிளேன்ரீயும் வாங்கிக் கொடுத்தேன்.

"என்ன அண்ணன், இண்டைக்கு உங்களுக்குப் பிறந்த நாளா?"

ஐஸ் வைத்த மெஷின்

பட்டினத்தில் புடவைக் கடை வைத்திருக்கிற ஒருவருடைய வீட்டுக்கு வருடாந்த சேர்விஸுக்குப் போனோம். அவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "எங்கட மெஷினப் போல ஊரில இல்லை, பாருங்கோ" என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். உள்பெட்டியிலிருந்து வெளியே போகிற செப்புக் குழாய் முழுக்க வெள்ளை வெளேரென்று ஐஸ். வருகிற போகிற சொந்தக்காரருக்கெல்லாம் இதைக் காட்டியிருக்கிறார். பிள்ளைகள் அதைச் சுரண்டி விளையாடியிருக்கிறார்கள்.

ஐஸ் பிடிப்பது மெஷினின் கெட்டித்தனம் இல்லை, அது காய்ச்சல் என்று நான் விளங்கப்படுத்தினேன். நஸீர் பில்டரைக் கழற்றி எடுத்தான். அது கம்பளி மாதிரித் தூசி கட்டியிருந்தது. காற்றுப் போக வழியில்லாமல் குளிர் அங்கேயே உறைந்திருக்கிறது. ஒழுக்கு, ஐஸ், மணம், புதுச் சத்தம், கரண்ட் பில் ஏறுவது இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கூப்பிட வேண்டும், நாட்களைக் கடத்தக்கூடாது என்று ஒரு பிரசங்கமே வைத்தேன். நான் அதில் கெட்டிக்காரன். கடைக்காரர் முகம் வாடிப்போய் நின்றார். எனக்குப் பின்னால் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்ற நஸீர்தான் வாயைத் திறந்தான்.

"அறிகுறி தெரிஞ்சா அண்டைக்கே பாக்கணும் எண்டுறது ஏணிக்கும் சேத்தா அண்ணன்?"

மானுக்கு சேர்விஸ் இல்லை

சத்தத்தை வாயால் செய்துகாட்டுகிற வாடிக்கையாளர்கள் எனக்கு நிறையப் பேர். ஃபோனில் "கர்ர்ர்" என்பார்கள், "உய்ய்ய்" என்பார்கள். ஒரு பள்ளிக்கூட ரீச்சர் இருமிக் காட்டினா. நான் மருந்து குடிக்கச் சொன்னேன், அது மெஷினாம். கோட்டைப் பக்கம் இருக்கிற ஒரு மனிதர் மட்டும் மேசையில் தட்டிக் காட்டினார். காலையில் மட்டும், வெளிப்பெட்டியிலிருந்து, டக், டக், பிறகு ஒரு உரசல். வெளிக் காற்றாடி தட்டுகிறது, அப்படியே விட்டால் உடையும் என்று நான் ஃபோனிலேயே நோயைச் சொல்லிவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் போய்ப் பார்த்தோம். அவருடைய வெளிப்பெட்டி அதிசயமாக நிலத்தில் இருந்தது. அதன் முன்னால் ஒரு கிளைக்கொம்பு மான், ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று, கம்பி மூடியில் கொம்பை ஆறுதலாக உரசிக்கொண்டு நின்றது. எங்களைக் கண்டும் அது நகரவில்லை. நஸீர் கையைத் தட்டினான், நான் 'சூ' என்றேன். அது ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு மற்றக் கொம்பை உரசத் தொடங்கியது. காற்றாடியில் ஒரு பிழையும் இல்லை. வீட்டுக்காரர் பல்லுத் தீட்டியபடி வந்து பார்த்தார்.

"மெஷினில பிழை இல்லையெண்டா நல்லதுதான். அப்ப மானுக்கு ஆர் சேர்விஸ் செய்யிறது?"

சத்தம் நின்றால்

உப்புவெளியில் மேல்மாடியில் இருந்து தைக்கிற ஒரு அக்கா. அவவுடைய மெஷின் மாதக் கணக்காகக் கத்தியிருக்கிறது. உப்புக் காற்று வெளிப்பெட்டிக்குள் இருக்கிற மெல்லிய தகடுகளைத் தின்றுவிட்டது. விரல் பட்டால் அப்பளமாக உதிர்ந்தன. ஒரு நாள் சத்தம் திடீரென்று நின்றிருக்கிறது. தானாகச் சுகமாகிவிட்டது என்று வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. உண்மையில் வெளிக் காற்றாடி இறுகி நின்றுவிட்டது, உள்ளே கொம்பிரசர் வெந்துகொண்டிருந்தது. கத்தின மெஷின் காரணமில்லாமல் அமைதியானால்தான் கூடப் பயப்பட வேண்டும் என்று சொன்னேன். அக்கா கத்தரிக்கோலை மேசையில் வைத்தா.

"சத்தம் போட்டாலும் பிழை, போடாட்டியும் பிழை. இது மெஷினோ, என்ர மனுசனோ?"

புது ஏணி

அந்த மாடிக்கு ஏற ஏணியைச் சாத்தியபோதுதான் எனக்கு உறைத்தது. நஸீர் அன்று காலை ஏணியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முந்தின நாளும் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தக் கிழமை முழுக்கச் சொல்லவில்லை. கத்தின மெஷின் அமைதியாகிவிட்டது. போகப்போகிறவனுக்கு ஏணி என்னத்துக்கு? பத்து வருடமாக என் முன்னால் ஏறி இறங்கின பிள்ளை. எனக்குத் தம்பி இல்லாத குறையை மறக்கப் பண்ணினவன். அன்று பின்னேரமே இரும்புக் கடைக்குப் போய், இருக்கிறதில் நல்ல அலுமினிய ஏணியாகப் பார்த்து வாங்கிக் கடை வாசலில் சாத்தி வைத்தேன்.

காலையில் வந்த நஸீர் அதைத் தடவிப் பார்த்தான். தேவையில்லாமல் ஏறினான், இறங்கினான், திரும்பவும் ஏறினான். மேலே நின்றபடி என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இது சத்தமே போடல்ல அண்ணன். பழகக் கொஞ்ச நாள் எடுக்கும்."

மூடியைத் திறக்காத வைத்தியம்

பழக நாள் எடுக்கும் என்றால் நிற்கப்போகிறான் என்று நான் சந்தோசப்பட்டு முடியவில்லை, அடுத்த நாள் அவன் கடையிலிருந்து நேரத்தோடு வெளிக்கிட்டுப் போய்ப் பெரிய சூட்கேஸ் ஒன்று வாங்கினதாக எதிர்க் கடைக்காரர் சொன்னார். இனிப் பொறுக்க ஏலாது என்று ஒரு பிஸ்கட் டின்னையும் வாங்கிக்கொண்டு கிண்ணியாவுக்குப் பஸ் ஏறினேன். பாலம் முழுக்க என்ன கதைப்பது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடி போனேன். வீட்டு முன் அறையில் சூட்கேஸ் வாயைத் திறந்து கிடந்தது. நஸீரின் உம்மா பக்கத்தில் இருந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தா. நான் பாடமாக்கினதெல்லாம் மறந்துபோய், "நஸீர், சவூதிக்குப் போகாத. நீ போனா நான் கடையப் பூட்டோணும். எனக்கு வேற ஆக்கள் இல்லை" என்று வாசலிலேயே சொல்லிவிட்டேன். கண்ணும் கலங்கிவிட்டது, என்ன செய்ய.

உம்மா மடித்த சீலையை மடியில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா. "என்ன மகன் இது? நானெல்லவா உம்ராவுக்கு மக்கா போறன். தனியப் போக ஏலாதெண்டு இவனைக் கூட்டிப் போறன். ரெண்டு கிழமையில வந்திருவம்." நஸீர் சீசன் நேரத்தில் லீவு கேட்டால் நான் கோபிப்பேன் என்று பயந்து பயந்து நாட்களைக் கடத்தியிருக்கிறான். எனக்கு வந்த நிம்மதியில் அந்தச் சூட்கேஸுக்குப் பக்கத்திலேயே தரையில் இருந்துவிட்டேன். "முதலே சொல்லியிருக்கலாமேடா" என்றேன். அவன் நான் கொண்டுபோன பிஸ்கட் டின்னை உடைத்து, எனக்கு முதலில் நீட்டினான்.

"சொல்லத்தான் இருந்தன் அண்ணன். ரோல்ஸ் வந்திச்சு, பிளேன்ரீ வந்திச்சு, சரி, ஏணியும் வரட்டும் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்."

அறிகுறியைப் பார்த்து நோயைச் சொல்கிற தொழிலில் இவ்வளவு காலம் இருந்து நான் படித்தது, வாயுள்ள மெஷினிடம் வாயைத் திறந்து கேட்டுவிடலாம் என்பதுதான், அதுவும் ஏணி வாங்குவதற்கு முன்னால்.